தோளில் ஒரு கை

நான் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். அது போதும், எனக்குக் கம்ப்யூட்டர் தலைகீழாகத் தெரியும் என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு டிவியில் படம் வரவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அக்கா வந்து, போட்டோவிலிருந்து ஒரு ஆளை எடுக்க வேண்டும், தனக்கே செய்ய வருகிற மாதிரி சுலபமாக ஒரு சாஃப்ட்வேர் பார்த்துக் கொடு என்று கேட்டபோது நான் சலித்துக்கொள்ளவில்லை. யாரை எடுக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை.

புருஷன் வீட்டை விட்டு அவள் இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து கூட்டிப்போவதாக அப்பாவும் அவனும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே, ஊஹூம். அவளும் வாயைத் திறக்கவில்லை. சத்தமில்லாமல் வெளியூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை வாங்கிவிட்டாள். தங்குவதற்கு அங்கேயே அறை தருகிறார்கள். அடையாள அட்டைக்குப் படம் மட்டும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

புதிதாக ஒன்று எடுத்தால் போச்சு என்றேன். மாட்டவே மாட்டேன் என்றாள். இப்போது இருக்கிற மூஞ்சியைப் பார்த்தால் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களாம். பழைய படங்களில்தான் நன்றாகச் சிரித்துக்கொண்டு இருக்கிறாளாம்.

சனிக்கிழமை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். ஹாலில் அப்பா, டிவி முன்னால். வாசலுக்குப் போக வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, எங்கே போகிறாள் என்று காது கொடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் சாஃப்ட்வேர் திரை முழுக்கப் பொத்தான்களாக இருந்தது. எதையோ தொட்டேன், அக்கா பச்சையாகிவிட்டாள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது ஆகாது என்று மூடினேன். இரண்டாவது, இலவசம் இலவசம் என்று கூப்பிட்டது. வேலையெல்லாம் முடிந்த பிறகு அக்கா முகத்தின் மேலேயே தன் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டு, அதை அழிக்கக் காசு கேட்டது. வாயில் வந்தபடி திட்டினேன். மூன்றாவதில் ஒரே ஒரு பிரஷ்தான். எது வேண்டாமோ அதன் மேல் தேய்த்து, 'நீக்கு' என்பதை அழுத்தினால் தீர்ந்தது.

அக்காவே தேய்த்தாள். அவன் தலை போயிற்று. தொப்பை போயிற்று. இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தும் போயிற்று. அந்த இடத்தில் பின்னால் இருந்த சுவர் வந்து நின்றது.

"இவ்வளவு சுலபமாடி?" என்று அக்கா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அப்புறம்தான் பார்த்தோம். ஆள் போய்விட்டான், அவள் வலது தோளில் அவன் கை மட்டும் அப்படியே இருந்தது.

வேறு படத்தைத் திறந்தோம். அதிலும் கை. பிறந்தநாள், கடற்கரை, புது வண்டி வாங்கிய நாள், எல்லாவற்றிலும் அதே தோளில் அதே கை. ஒவ்வொரு படம் வந்தபோதும் எங்கள் வீடே கூடி நின்று பார்த்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு எவ்வளவு பாசம் பாரு, கையை எடுக்கவே மாட்டேங்கறாரே என்று அம்மா பூரித்துப்போவாள். இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். விரல்கள் துணியோடு சேர்த்துச் சதையைக் கவ்வியிருந்தன. அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்திருந்தது.

"வலிச்சுதாக்கா?"

"சிரிக்கச் சொல்லித்தான் அழுத்துவாரு" என்றாள்.

கையின் மேல் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். கை போனால் தோளும் சேர்ந்து போயிற்று. அக்கா மவுஸை என்னிடமிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். அந்தச் சிரிப்பே வேண்டாம், புதிதாக எடு என்றாள்.

ஜன்னல் பக்கம் நிறுத்தி எடுத்தேன். வலது தோள் இறங்கியிருந்தது. நேராக நில்லுக்கா என்றேன். நேராகத்தான் நிற்கிறேன் என்றாள். மறுபடி எடுத்தேன், மறுபடியும் இறங்கித்தான் இருந்தது. யார் கையும் இல்லாத தோள். அவன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பேனோ தெரியாது. பொத்தான்களாக இருந்த அந்த முதல் சாஃப்ட்வேரை மறுபடி திறந்தேன். அதற்கும் அதில் வழி இருந்தது. தோளைப் பிடித்து லேசாக மேலே இழுத்தேன், இரண்டும் சமமாகிவிட்டன.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அப்பா.

"காலையில மாப்பிள்ளை வர்றாரு. துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேம்பா" என்றாள் அக்கா. பை கட்டிலுக்கு அடியில் தயாராகத்தான் இருந்தது. அப்பாவின் செருப்புச் சத்தம் ஹாலுக்குத் திரும்பியது.

நான் சரிசெய்த படத்தை அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது வேணாம். இறங்கினதையே அனுப்பு. நிமிர்றதை அங்க போயி பாத்துக்கறேன்."

அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வந்ததும் அக்கா குனிந்து பையை இழுத்து, இடது தோளில் மாட்டிக்கொண்டாள். காலை வரைக்கும்கூட அவள் காத்திருக்கவில்லை. கதவைத் திறந்தாள்.

ஹாலில் டிவி சத்தம் குறைந்தது.