நான்காவது பாட்டின் தாமதம்

ரோல்ஃபுக்கு அந்த ஹெட்போன்மேல் நம்பிக்கை இல்லை. அதை நீட்டிய மார்னிமேல் சுத்தமாக இல்லை.

'ஈரச் சாக்கு' இசைக்குழுவில் அவன் டிரம்ஸ், அவள் பேஸ் கிட்டார். சியாட்டில் நகரம் முழுக்க கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக் இசையில் ஊறிக் கிடந்த காலத்தில் ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். அதன் நான்காவது பாட்டில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். பிறகு டிரம்ஸ் கொஞ்சம் தாமதமாக விழும். அந்தத் தாமதத்துக்காகவே ரோல்ஃபை மேதை என்றார்கள். மேடையில் ஒரு தடவைகூட அவனுக்கு அது திரும்ப வரவில்லை. பதிவு செய்த நாளும் ஞாபகமில்லை. அன்று ரெய்னியர் பீர் தாராளம். வாசித்தது தான்தானா என்ற சந்தேகம் முப்பது வருடமாகக் குடைந்துகொண்டிருந்தது.

இப்போது மூல நாடாவிலிருந்து, ஒலியைத் துளியும் நசுக்காமல், லாஸ்லெஸ்ஸாக வெளியிடுகிறார்கள். இன்னும் சற்று நேரத்தில் வானொலிக்காரி வந்துவிடுவாள். பேட்டியே அந்தத் தாமதத்தைப் பற்றித்தான்.

"நீ முன்னாடியே கேட்டுட்டியா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் சிரிக்கிற?"

"என் மூஞ்சியே அப்படித்தான்டா. மாட்டு காதுல."

மார்னி வீட்டு நிலவறையில் ஒரே தூசி. முயல்குட்டியை மிதித்த மாதிரி ஒரு தும்மல் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து "சாரி" என்றாள். எப்போதும் அப்படித்தான்.

ரோல்ஃப் கேட்டான். பாடகன் எச்சில் விழுங்குவதுகூடத் துல்லியமாக விழுந்தது. டிரம்ஸ் ஸ்டூல் கிரீச்சிட்டது. அவனுடைய ஸ்டூலேதான்! போன உயிர் திரும்பியது.

நான்காவது பாட்டு. எல்லாம் நின்றது. இத்தனை நாள் வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில், டிரம்ஸ் மைக்கை ஒட்டி, முயல்குட்டி மிதிபட்டது. "சாரி." அதன் பிறகே அடி விழுந்தது.

ஹெட்போனைக் கழற்றினான்.

"தும்மினதாலதான் லேட்டா?"

"அங்கயும் தூசிடா. நீ வேன்ல குறட்டை விட்டுட்டு இருந்த. எத்தனை உலுக்கு உலுக்கினேன் தெரியுமா? கடைசில நானே குச்சியை எடுத்து அடிச்சேன்."

"இத்தனை வருஷமா ஏண்டி சொல்லல?"

"ஊரே உன்னை மேதைன்னுச்சு. அது என் சளின்னு எப்படிச் சொல்றது?"

அழைப்பு மணி அடித்தது. முன்கூட்டியே அனுப்பியிருந்த புதுப் பதிவைக் கேட்டுவிட்டு வந்திருந்த வானொலிக்காரி, உட்கார்ந்து ரெக்கார்டரை ஓடவிட்டாள்.

"இதை லாஸ்லெஸ்ல கேக்கப்போறவங்களுக்கு என்ன சொல்றீங்க?"

"கேக்காதீங்கன்னு சொல்றேன்," என்றான் ரோல்ஃப். "நசுங்கிப்போன பழைய எம்பி3 போதும். ஆன்மா அதுலதான் இருக்கு."

பின்னாலிருந்து ஒரு தும்மல் வந்தது.

"சாரி," என்றாள் மார்னி.

வானொலிக்காரி புருவத்தைச் சுருக்கினாள். இதை எங்கோ கேட்டிருக்கிறாள்.