ஓனரம்மா

"அந்தப் போட்டோவ மொதல்ல எறக்குக்கா," என்றான் புரோக்கர் ரமேஷ். "மாலையோட ஒருத்தரு தொங்கிகினு இருந்தா எவன் வூட்ட வாங்குவான்?"

கண்ணகி ஸ்டூலில் ஏறித் தன் புருஷனைத் தானே இறக்கினாள். தண்ணி லாரி ஓட்டிய திருவேங்கடம் விபத்தில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி அவனைச் சாய்த்து வைத்தாள்.

திருப்போரூரில் இருக்கும் இந்த வீடு விற்றால்தான், கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கத்துத் தையல் கடை அவள் கைக்கு வரும். கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. மகள் கீர்த்தனா அங்கிருந்தே ரயிலேறிக் காலேஜுக்குப் போய்வரலாம். கடைக்காரர் மாசக் கடைசிவரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். இதுவரை வந்த ஆறு பேரும் வீட்டைத் தட்டித் தடவிப் பாராட்டினார்கள். ஓனர் யார் என்று கேட்டார்கள். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்ததும், போனில் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

அதனால் ரமேஷ் ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தான். அதில் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகக் கதவைத் திறந்து கும்பிடுபவள் கண்ணகியின் ஓரகத்தி தமிழ்ச்செல்வி. கீழே, 'லட்சுமி கடாட்சம் நிறைந்த வீடு' என்று எழுத்து ஓடியது. இந்த வீட்டுக் கிணறு தோண்டும்போது ஏழுமாத வயிற்றோடு மண்கூடை சுமந்த கண்ணகி அந்த வீடியோவில் எங்கும் இல்லை.

இன்றைக்கு வருகிறவர்கள் அந்த வீடியோவைப் பார்த்து வருகிறவர்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி," என்றான் கொழுந்தன் ஜெயக்குமார். "தொவைக்கிற கல்லாண்ட கொஞ்ச நேரம் குந்திக்கினு இருங்க. மொத மொத வூடு பாக்க வர்றவங்க எதிர்ல..."

அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. இரண்டு வருஷமாக எல்லாக் கல்யாண வீட்டு வாசலிலும் அவள் கேட்டுப் பழகியதுதான்.

துவைக்கிற கல் வீட்டின் பக்கவாட்டில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தெருவாசல் தெரியும். பதினோரு மணி வெயிலில் கார் வந்து நின்றது. கணவன் மனைவி இருவரும், கையில் குழந்தையோடு இறங்கி வலதுகாலை வைத்து உள்ளே போனார்கள். "வாங்க, வாங்க!" என்று தமிழ்ச்செல்வியின் குரல் இனித்தது.

காரின் பின்சீட்டில் இன்னும் ஒருத்தி இருந்தாள். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். வியர்வை வழிந்த நெற்றியில் ஒன்றும் இல்லை.

கண்ணகி சொம்பில் தண்ணீரோடு போனாள். "இன்னாம்மா, நீங்க உள்ள போவலியா?"

"நல்ல காரியமாம். நான் மொதல்ல கால் வெக்கக்கூடாதுன்றான் எம் புள்ள." அந்த அம்மாள் மடமடவென்று குடித்தாள். "எம் பேரு தனகோடி. நெம்மேலில எங்க அப்பா எனக்குக் குட்த்த நெலத்த வித்துதான் இந்த வூட்ட வாங்கப் போறோம். பத்திரமும் எம் பேர்லதான். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மட்டும் என்னிய முன்னால நடக்க வுடுவாங்க. நீ இங்க வேல செய்றியா?"

"இல்லம்மா. நான்தான் வூட்டுக்காரி."

தனகோடி அவள் நெற்றியைப் பார்த்தாள். பிறகு துவைக்கிற கல்லைப் பார்த்தாள். காலிச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

உள்ளே தனகோடியின் மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள்: "கோடையில கெணத்துல தண்ணி நிக்குமாங்க?"

"நிக்கும்... அதாவது, மழ பேஞ்சா நிக்கும்... மோட்டார் சுச்சி இங்கதான் எங்கியோ கீது," என்று தமிழ்ச்செல்வி தடுமாறினாள்.

கண்ணகிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கார் கதவைத் திறந்தாள். "எறங்கி வாங்கம்மா. கெணத்த நான் காட்றேன்."

பக்கவாட்டுச் சந்து வழியாக அல்ல, தெருவாசல் வழியாகவே அழைத்துப் போனாள்.

ரமேஷின் முகம் செத்தது. மருமகள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அத்த! உங்கள கார்லதான இருக்கச் சொன்னோம்?"

கண்ணகி பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு போட்டோவை எடுத்து, முந்தானையால் துடைத்து, பழைய ஆணியில் மாட்டினாள். அப்புறம்தான் திரும்பினாள். "இவரும் நானும் தோண்டுன கெணறு. சித்திரையிலயும் நாலு ஒற ஒசரத்துக்குத் தண்ணி நிக்கும். வூடு என்னுது. விக்கிறதும் நான்தான்."

"சகுனமே சரியில்ல," என்றான் மகன். "வாம்மா, போலாம்."

"போச்சி, எல்லாம் போச்சி," என்று முனகினான் ஜெயக்குமார்.

தனகோடி நாற்காலியை இழுத்து, மாலை போட்ட போட்டோவுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ போய் கார்ல குந்துடா. நான் வூட்ட பாத்துட்டு வரேன்."

அவன் வெளியே போய் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான்.

"சமையக்கட்டு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள் தனகோடி.