பத்து என்று எழுதிய முன்னிசை

பாட்டில் குரல் தொடங்கும்வரை வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பகுதிக்கு முன்னிசை என்று பெயர். வானொலி நிலையத்தார் அதை அத்தோடு விட்டார்களா? விடுப்புக் கேட்க வந்தவர் தலையைச் சொறிந்தால், "முன்னிசை போதும், பாட்டுக்கு வாங்க" என்பார் மேலாளர்.

இசைத்தட்டுக் காப்பாளருக்கோ முன்னிசைதான் பிழைப்பு. அது எத்தனை விநாடி என்று ஒவ்வொரு தட்டின் உறையிலும் பென்சிலால் எழுதிவைப்பார். பாட்டு கேட்ட நேயர்களின் பெயர்களை அதற்குள் அறிவிப்பாளர் வாசித்து முடிக்க வேண்டும்.

ஒரே ஒரு உறையில் பொய் எழுதினார். அந்தப் பாட்டில் முதல் பதினெட்டு விநாடியும் வயலின். அதன் மேல் யாராவது பேசினால் அவருக்கு வயிறு எரியும். பத்து என்று போட்டுவிட்டு, அறிவிப்பு அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று மிச்ச எட்டு விநாடியை ஆசை தீரக் கேட்பார்.

அந்தப் பாட்டைப் போடும்போதெல்லாம் கடைசி இரண்டு மூன்று பெயர்கள் விட்டுப்போயின. கோபக் கடிதங்கள் வந்தன. அறிவிப்பாளராக இருந்த அந்த அம்மாதான் திட்டு வாங்கினார். விடுபட்டவர்களுக்கெல்லாம் கைப்பட மன்னிப்பு எழுதினார். காப்பாளர் மூச்சு விடவில்லை. முப்பது வருடமாக அது அவரை உறுத்தியது.

இன்று பழைய தட்டுகளை மூட்டை கட்டுகிறார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி ஓய்வு பெற்றவர்களுக்கும் சொல்லியிருந்தார்கள். காப்பாளரும் அந்த அம்மாவும் வந்திருந்தார்கள், இருவரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். காப்பாளர் அந்த உறையைத் தேடிப்பிடித்தார்.

"மேடம்... அந்தக் காலத்துல... நம்ம வேலையில ஒண்ணு..."

"முன்னிசை போதும் சார்."

"இது பத்து இல்ல, பதினெட்டு. வேணும்னுதான் குறைச்சு எழுதினேன். உங்களுக்குத் திட்டு வாங்கிக் கொடுத்த பாவி நான்தான்."

"தெரியும். ரெண்டாவது தடவை போடும்போதே தெரிஞ்சுபோச்சு. எனக்கு எண்ணத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் பத்துலயே நிறுத்தினீங்க?"

அந்த அம்மா உறையை வாங்கி, பென்சில் எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"அந்த எட்டு விநாடியும் நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கிட்டு நிப்பீங்க. அப்பதான் உங்களைத் தைரியமா பார்க்க முடியும்."

எத்தனையோ முறை ஒலித்த பாட்டு. ஒரு தடவையாவது கண்ணைத் திறந்திருக்கலாமே என்று அடித்துக்கொண்டது காப்பாளரின் மனசு.