தேனீப் பத்தியம்

ஸ்கூட்டர் ஆத்தூரைத் தாண்டியதும் ஜீவிதா, "அப்பா, பேசிக்கிட்டே வாங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவரிடம் அவள் இப்படிக் கேட்டதேயில்லை. கண்ணுசாமியின் வாயை மூடவைக்கத்தான் சின்னாளபட்டியே முப்பது வருஷமாகப் பாடுபட்டது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் தெருமுனையில் இருமினால் செம்பட்டியில் பஸ் நின்றுவிடும்.

முழங்கால் வலிக்கு வாராவாரம் தேனீ வைத்தியம். ஆத்தூர்த் தோப்பில் தேனீ வளர்க்கும் அன்புமணி இடுக்கியால் ஒவ்வொரு தேனீயாக எடுத்து மூட்டில் கொட்டவிடுவார். மூன்றே வாரத்தில், பழனி மலையில் ஓடி ஏறி, அடிவாரத்தில் வைத்த காப்பி ஆறுமுன் இறங்கி வந்து குடிப்பதாகக் கண்ணுசாமி ஊரெல்லாம் சவால் விட்டிருந்தார். போன வாரம் உடம்பெல்லாம் தடித்தது. கெட்ட நீர் வெளியேறுகிறது என்றார் அன்புமணி. ஜீவிதா வாங்கிவந்த அரிப்பு மாத்திரையை அப்பா தொடவில்லை. இங்கிலீஷ் மருந்து பட்டால் தேனீ மருந்து முறிந்துவிடுமாம். பத்தியம்.

இன்று எட்டுத் தேனீ. கட்டிலை விட்டு எழுவதற்குள் உதடு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரி என்றாள் ஜீவிதா. ஊசி போட்டால் எல்லாம் பாழ், செத்த நேரத்தில் அடங்கிவிடும் என்றார் அப்பா. அன்புமணியும் தலையாட்டினார். அவளும் காத்திருந்தாள், பத்து நிமிஷம். மூச்சு விசிலடிக்கத் தொடங்கிய பிறகுதான் வண்டியை எடுத்தாள்.

"பேசுங்கப்பா. கால் வலி போயிருச்சா?"

"போயிருச்சு, தாயி." நாக்கு குழறியது. "ஊர்ல கேட்டா எட்டுன்னு சொல்லிராத. எண்ணூறுன்னு... சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டது. வழக்கமாக ரோடு போட்டவனின் ஏழு தலைமுறையையும் இழுப்பார். இன்று அவர் தலை மட்டும் அவள் முதுகில் மோதி, அங்கேயே நின்றது. ஓரங்கட்டி, ஷாலை எடுத்து இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டினாள். அதன் பிறகு எல்லா லாரியும் அவளுக்கு முன்னால்தான், வழிவிடாமல் போயின.

சின்னாளபட்டி ஆஸ்பத்திரி வாசலில் முடிச்சு அவிழவில்லை. யாரோ கத்தரியால் வெட்டி அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊசி போட்டார்கள். நெஞ்சை மாறி மாறி அழுத்தினார்கள். பிறகு, ஒவ்வொருவராகக் கட்டிலை விட்டு விலகினார்கள்.

நர்ஸ் அட்டையோடு வந்தாள். "கூட்டக் கலைச்சுட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர். வைத்தியத்துக்கு. நாங்களாத்தான் கொட்ட விட்டோம்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "கொட்டி எம்புட்டு நேரத்துல கெளம்புனீங்க?"

ஜீவிதா சுவரைப் பார்த்தாள்.

"ஒடனே" என்றாள்.

நர்ஸ் எழுதிக்கொண்டாள். பேனா சரியாக எழுதவில்லை. உதறிவிட்டு, அதே சொல்லின் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினாள்.