வலப்பக்கம் இழுக்கும் வண்டி

மூன்று கைவண்டிகளைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தவள் நான். நான்காவதையும் திருப்பிக் கொடுத்திருப்பேன், அன்றைக்குக் கடைக்காரருக்குப் பொறுமை தீர்ந்துபோகாமல் இருந்திருந்தால்.

பிடிவாதக்காரி என்பார்கள். சொல்லட்டும். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருடமாக ஈரத்துணி வண்டி தள்ளுகிறேன். நான்கு சக்கரத்தில் எது முனகுகிறது, எது நொண்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் எடுக்கிற முதல் பாடமும் அதுதான். "கனமானத நடுவுல வை. ஓரத்துல வெச்சா நீ வண்டியத் தள்ள மாட்ட, வண்டி உன்னை இழுத்துட்டுப் போகும்." சொன்னதைக் கேட்காமல் ஓரத்தில் ஏற்றி, சுவரில் கொண்டுபோய் முட்டியவர்கள் என் வாயில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். அங்கே எனக்கு டிராஃபிக் போலீஸ் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கைவண்டி எதற்கென்றால், மீன் பிடிக்கப் போவதற்கு. சிரிக்க வேண்டாம். நானும் அக்காவும் பதினான்கு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரின் கடைசிக்குப் போய்த் தூண்டில் போட்டவர்கள். கல்யாணம் வேண்டாம் என்று நின்றவள் நான். கல்யாணம் செய்து, மகனை ஆளாக்கி, புருஷனைப் பறிகொடுத்து, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தவள் அவள். இரண்டு அறை வீடு. ஒரு ரேடியோ, அதற்கு இரண்டு சண்டைக்காரிகள். வாரம் முழுக்க எலியும் பூனையுமாக இருப்போம். ஞாயிற்றுக்கிழமை கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் ஒரு வார்த்தை பேச மாட்டோம். அந்தப் பேசாத நேரம்தான் எனக்கு வாரத்திலேயே நல்ல நேரம்.

சாமான் எல்லாம் ஒரே மரப்பெட்டியில் போகும். நான் அடித்த பெட்டி. இரண்டு பக்கமும் கயிற்றுக் கைப்பிடி. வலப்பக்கம் நான் பிடிப்பேன், இடப்பக்கம் அக்கா. அவள் என் தோளுயரம்தான். பெட்டி எப்போதும் அவள் பக்கம் சாய்ந்து, ஐஸ் தண்ணீர் அவள் செருப்பில் சொட்டும். துறைமுக வாசலிலிருந்து சுவரின் கடைசிவரை அதற்காக என்னைத் திட்டிக்கொண்டே வருவாள். நான் என்ன செய்வேன், வளர்ந்தது என் குற்றமா?

எட்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து தோளை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கனம் தூக்கினால் ராத்திரியெல்லாம் முனகுவாள். கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். ரோஷக்காரி. அதனால் அவளிடம் சொல்லாமல் நான் ஒரு காரியம் செய்தேன். தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு, என் பக்கத்து மூலையில் வைத்தேன். கத்தி, தூண்டில் நரம்புச் சுருள், தண்ணீர் பாட்டில், ஐஸ் எல்லாம் என் பக்கம். தொப்பி, துண்டு, ரொட்டி எல்லாம் அவள் பக்கம். அன்றிலிருந்து பெட்டி அப்படித்தான்.

பதின்மூன்று மாதத்துக்கு முன் அவள் மகனுக்குப் பையன் பிறந்தான். "மூணு மாசம்டி, குழந்தைக்குத் தலை நின்னதும் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். தலை நின்றது. தவழட்டும் என்றாள். தவழ்ந்தது. நடக்கட்டும் என்றாள்.

ஒருவர் தூக்க முடியாத பெட்டி. அதனால் நானும் கடலுக்குப் போகவில்லை. மற்ற ஆறு நாளை வேலை பார்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமையைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் எழுந்து, துவைத்ததையே துவைத்து, கொடியில் கிடக்கிற அவள் துண்டை எடுத்து மடித்து, மறுபடி கொடியிலேயே போடுவேன். ரேடியோவைக் கூட்டி வைத்தால் குறைக்கச் சொல்ல ஆள் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, ரொம்பத் தனியாக இருந்தது.

போன மாதம் போனில், "நாலு அடி வெச்சுட்டான்டி!" என்றாள். அந்தச் சந்தோஷத்தில்தான் வண்டி வாங்கக் கிளம்பினேன். இனி வந்துவிடுவாள். வந்ததும், தூண்டிலெல்லாம் துரு ஏறிக் கிடப்பதைப் பார்த்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அவள் வரும்வரைக்கும் தனியாகவாவது போய்வர வேண்டும், அதற்கு நம்பிக்கையான ஒரு வண்டி வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் இரும்புச் சாமான் கடை. கடைக்காரர் நல்ல மனுஷர், எண்ணெய் போட்ட கீல் மாதிரி சத்தமில்லாமல் பேசுவார். "ஏத்திப் பாக்காம வாங்க மாட்டேன்" என்று நான் சொன்னதும், வண்டியை என் வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டியை ஏற்ற ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவரும் பிடித்தோம்.

"என்னம்மா, என் பக்கம் இவ்வளவு லேசா இருக்கு?" என்றார்.

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் வண்டி கொத்தனார்கள் மண் அள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டி. கைப்பிடியைத் தூக்கினேனோ இல்லையோ, வலப்பக்கம் சாய்ந்து பெட்டியை என் காலில் போட்டது. "இதெல்லாம் ஒரு வண்டியா?" என்று அனுப்பிவிட்டேன். இரண்டாவது இரட்டைச் சக்கரம், கெட்டி ரப்பர். தெருவில் பத்தடி போவதற்குள் வலப்பக்கம் இழுத்தது. மூன்றாவதற்குக் காற்றடைத்த டயர். அதுவும் வலப்பக்கம்தான் இழுத்தது, எதிர்வீட்டுப் பூந்தொட்டியை உடைத்துவிட்டு நின்றது. "வலது டயர்ல காத்து இல்ல தம்பி" என்றேன். அவர் அழுத்திப் பார்த்தார், இரண்டிலும் கல் மாதிரி காற்று இருந்தது. "அப்ப அச்சு வளைஞ்சிருக்கு" என்றேன்.

நான்காவது, நானே குறை சொல்லத் தயங்குகிற வண்டி. உப்புக்காற்றில் அரிக்காத துத்தநாகப் பூச்சுக் குழாய். கற்களுக்கிடையில் சிக்காத அகலச் சக்கரம். கைப்பிடி சரியாக என் இடுப்பு உயரம். தள்ளினேன். வலப்பக்கம் இழுத்தது.

"அச்சு..." என்று ஆரம்பித்தேன்.

கடைக்காரர் என்னை முடிக்க விடவில்லை. பெட்டியை இறக்கவைத்தார். கடைக்குப் போய் ஒரு சிமெண்ட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வண்டியின் நடுவில் வைத்தார். ஒரே தள்ளு தள்ளிக் கையை எடுத்துவிட்டார். கோடு போட்டது போல வண்டி தெருவில் நேராகப் போய் நின்றது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கோணல் வண்டியில இல்ல, உங்க பெட்டியில இருக்கு."

பெட்டியைத் திறந்தார். ஈயப்பையைத் தூக்கிப் பார்த்தார். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வாய். நடுவுல வை, நடுவுல வை என்று முப்பத்தொரு வருடம் கத்திய வாய். சலவைப் பிரிவில் ஒருத்திக்குத் தெரிந்தால் போதும், நான் வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

"இத நடுவுல மாத்துங்க, முடிஞ்சது வேலை" என்றார்.

"மாத்த முடியாது."

"ஏம்மா?"

"அந்தப் பக்கம் எங்க அக்கா தூக்கணும். அவளுக்குக் கனம் ஆகாது."

அவர் என்னைப் பார்த்தார். திறந்திருந்த வீட்டு வாசலையும் பார்த்தார். ஒரு வருடமாக அந்த வாசலில் என்னைத் தவிர யாரும் வந்துபோகாதது அவருக்கும் தெரியும்.

"இது தள்ளுற வண்டிம்மா. யாரும் தூக்க வேண்டாமே."

"வண்டியில ஏத்தணும், இறக்கணும். அதுக்குத் தூக்க வேண்டாமா? அவ இன்னிக்கோ நாளைக்கோ வந்துடுவா. வந்ததும் பெட்டி அவளுக்குச் சரியா இருக்கணும். உங்களுக்கு வண்டி விக்கணுமா, வேண்டாமா?"

மனுஷர் பெருமூச்சு விட்டார். "வண்டிய வெச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை கடலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க. பிடிச்சா வெச்சுக்கோங்க, பிடிக்கலன்னா திங்கக்கிழமை திருப்பிக் குடுங்க." போகும்போது அவரும் ஒரு பக்கம் பிடித்துப் பெட்டியை ஏற்றிக் கொடுத்தார், ஈயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கிளம்பினேன். துறைமுக வாசல் காவலர் எழுந்து நின்றுவிட்டார். "எவ்வளவு நாளாச்சு! எங்க, உங்க ஜோடி?" என்றார். "வராங்க" என்றேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், ஏதோ அக்கா பத்தடி தள்ளி வருகிறாள் என்பதுபோல. எனக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

சுவரின் மேல் வலப்பக்கம்தான் கடல். வண்டி விடாப்பிடியாகக் கடலைப் பார்த்தே இழுத்தது. பத்தடிக்கு ஒருமுறை இடப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பித் திருப்பி மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. வாய்விட்டே திட்டினேன், கேட்க ஆளில்லை. பாதி வழியில், உடைந்த விளக்குக் கம்பத்தின் அடியில், முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்கு அக்கா கூப்பிடுவாள்.

"அலைச் சத்தம் கேக்குதே! எங்கடி இருக்க?"

"சுவர்ல. பாதி வழியில."

"தனியாவா?"

"வண்டியோட."

சிரித்தாள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நான்கு வண்டி, காலில் விழுந்த பெட்டி, உடைந்த பூந்தொட்டி, சிமெண்ட் மூட்டை. கடைக்காரர் சொன்ன பழமொழியைக் கேட்டதும் இருமல் வரும்வரை சிரித்தாள். "உனக்குன்னே ஒரு ஆள் பொறந்து வந்திருக்கான் பாரு" என்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்றிருந்தது.

சிரித்து ஓய்ந்ததும் கேட்டாள். "ஈயம் இன்னும் உன் பக்கம்தான் இருக்கா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா இருக்கே கதை! ஏழு வருஷம் தூக்கினவளுக்குத் தெரியாதா? நீ ரகசியமா செஞ்ச. சரி, ரகசியமாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். கேட்டிருந்தா அதுக்கும் ஒரு சண்டை வந்திருக்கும்."

அலை ஒன்று கல்லில் அடித்து என் முகத்தில் தெறித்தது. துடைத்துக்கொண்டேன்.

"பையன் நடக்கிறானாக்கா?"

"நடக்கிறதா? ஓடுறான்டி. நேத்து கதவத் தள்ளிட்டு மாடிப்படி வரைக்கும் போயிட்டான். ஒரு நிமிஷம் கண்ண எடுக்க முடியல."

"அப்ப?"

அவ்வளவுதான் கேட்டேன். அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது கேட்டது. அவள் மூச்சும் கேட்டது. வர மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். மகன் என்ன, மருமகள் என்ன, சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாதா என்று ஒரு மணி நேரம் கத்தியிருப்பேன். வருகிறேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். என்னைத் தெரிந்தவள் அவள். இரண்டையும் சொல்லவில்லை.

"ஈயத்த எடுத்து நடுவுல வெச்சுக்கோடி" என்றாள்.

"நடுவுலயா?"

"ஆமா. நடுவுல வெச்சா வண்டி நேராப் போகும். இல்லன்னா உன் கைதான் வலிக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "கேக்குதா? வெச்சுக்கோ."

"சரிக்கா" என்றேன். என் வாழ்க்கையில் அவள் சொன்ன ஒன்றை மறுபேச்சு இல்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. குழந்தை வீறிட்டு அழுதது. அவள் போனை வைத்துவிட்டு ஓடினாள்.

கொஞ்ச நேரம் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, அங்கே நண்டும் நானும்தான். பிறகு எழுந்து பெட்டியைத் திறந்தேன். அவள் பக்கத்திலிருந்து தொப்பியையும் துண்டையும் எடுத்தேன். ஈயப்பையை என் பக்கத்திலிருந்து தூக்கிப் பெட்டியின் நடுவில் வைத்தேன். எட்டு வருடம் அது இருந்த மூலையில் பலகை கறுத்துக் குழிந்திருந்தது. அந்த இடத்தைத் துண்டால் மூடினேன். பாட்டிலையும் ஐஸையும் இரு பக்கமும் பிரித்து வைத்தேன். புதிதாக வேலைக்கு வந்தவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக, பொறுமையாக வைத்தேன்.

கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன். வண்டி நேராகப் போனது. நல்ல வண்டிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவையாவது வலப்பக்கம் இழுக்காதா என்று பார்த்துக்கொண்டே சுவரின் கடைசிவரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன்.