ஐம்பது நிமிட வானம்

செருப்பு வாங்கவே மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் விலையை அடித்துப் பேசுகிறவன் ஷோயப். செங்கம் சாலையில் அவன் வைத்திருக்கும் கைப்பைக் கடையில், ஆசிரமத்துக்கு வந்த இடத்தில் பேரம் பேசும் வெள்ளைக்காரர்கள் களைத்துப்போய் சொன்ன விலைக்கே வாங்கிப் போவார்கள். அப்படிப்பட்டவன் அன்று விடியற்காலையில், செல்போனில் முதலில் கண்ட தகவலையே, வேறு கடை ஏறாமல் வாங்கிக்கொண்டான்.

கடப்பாவில் தன் மகன் அப்துல் வீட்டிலிருந்த ஷோயப்பின் மாமனார் இறந்துவிட்டார். மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம். மண் மூடுவதற்குள் அப்பா முகத்தைப் பார்த்துவிட வேண்டும், ஷோயப்பின் மனைவி ரூக்ஸாருக்கு அவ்வளவுதான்.

"வேலூர் வழியா கார்லயே போயிடலாங்க."

"ஆறு மணி நேரம் குலுங்கிக்கினா? இத பாரு." ஷோயப் செல்போனை நீட்டினான். சேலம் விமான நிலையத்திலிருந்து கடப்பா விமான நிலையம், பறக்கும் நேரம் ஐம்பது நிமிடம் என்று இருந்தது. "உங்க அப்பாவைப் பார்க்க ஏரோப்ளேன்ல கூட்டிட்டுப் போறேன்."

"டிக்கெட்டு?"

"நேர்ல போய்ப் பேசினா கம்மியா முடிப்பேன். போன்ல வாங்குறவன் ஏமாளி."

வடக்கே போக வேண்டிய கார் மேற்கே ஓடியது.

சேலத்தில் ரூக்ஸாரைக் காரில் உட்காரவைத்துவிட்டு, வாசல் காவலரிடம் போனான்.

"கடப்பாவுக்கா? இங்கேர்ந்து அப்படி ஒரு ப்ளைட்டே கிடையாதுங்களே."

"நேரமெல்லாம் போட்டிருக்கே!"

"ரெண்டு ஊருக்கும் தூரத்தை அளந்து கணக்குப் போட்டிருப்பாங்க. காக்காவுக்கும் அந்தக் கணக்கு சரிதான். ஏறி உட்கார ப்ளேன் வேணுமில்ல?"

காருக்குத் திரும்பினான். ரூக்ஸார் கண்ணாடியை இறக்கினாள். அந்த முகத்தைப் பார்த்து உண்மை வரவில்லை.

"கேன்சல் பண்ணிட்டான். பாவிப்பசங்க."

அப்துலிடமும் போனில் அதையே சொன்னான். "சாயங்காலத் தொழுகை வரைக்கும் பார்க்கிறோம் மச்சான். வெயில் ஜாஸ்தி. அதுக்கு மேல வைக்க முடியாது" என்றான் அப்துல்.

வழி முழுக்க ரூக்ஸார் விமானக்காரனைச் சபித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு சாபத்துக்கும் ஷோயப் வண்டியை இன்னும் கொஞ்சம் மிதித்தான்.

கடப்பா தெருவுக்குள் கார் நுழைந்தபோது, அடக்கம் முடித்த ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்பா படுத்திருந்த கட்டில் வெளியே சுவரோடு நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ரூக்ஸார் அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வந்தவர்களெல்லாம் ஷோயப்பின் தோளைத் தட்டினார்கள். ப்ளைட்டு வைத்தாவது கூட்டி வரப் பார்த்த மருமகன்! ஒவ்வொரு தட்டலும் முதுகில் அறை மாதிரி விழுந்தது.

மூன்றாம் நாள் ஓதல் முடிந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்துல் சொன்னான்: "விடக்கூடாது மச்சான். அந்தக் கம்பெனி மேல கேஸ் போடுவோம்."

டீ கொண்டுவந்த ரூக்ஸாரும் நின்றாள். "ஆமாங்க. எந்தக் கம்பெனி அது?"

ஷோயப்புக்கு நாலைந்து பெயர்கள் தெரியும். ஒன்றைச் சொன்னால் போதும். வாய் திறந்தது. எந்தப் பெயரும் வரவில்லை.

"கம்பெனி இல்ல ரூக்ஸார். ப்ளைட்டும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. நான்தான் விசாரிக்காம..."

அப்துல் தலை குனிந்துகொண்டான்.

"நீ சொன்ன மாதிரி கார்ல வந்திருந்தா..." என்று ஷோயப் தொடங்கினான்.

"மதியத்துக்கு முன்னாடியே வந்திருப்போம்" என்று ரூக்ஸார் முடித்தாள்.

தட்டில் இரண்டு டீ இருந்தது. ஒன்றை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தாள். மற்றதைத் தட்டோடு உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.