நாற்பது மூட்டை மணல்

மாடியறையிலிருந்து தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கல்மாடத்தில்தான் அந்தத் தையல்காரி மெஷின் போட்டிருந்தாள். மூன்று பக்கமும் வெளிச்சம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல்கூடக் கண்ணுக்குத் தப்பாது. திடீரென்று நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. மாடம் விழும் நிலையில் இருக்கிறது, பதினைந்து நாளில் இடிக்க வேண்டும்.

கொழுந்தனுக்கு உள்ளூர சந்தோஷம். கீழே கடை போட அவனுக்கு அது இடைஞ்சல்.

"எதுக்கு வம்பு அண்ணி? இடிச்சிடுவோம். நாலு கல்லுதானே தாங்குது, அது எத்தனை நாளைக்கு?"

"வெளியில தெரியறதை வச்சுச் சொல்றீங்க தம்பி."

மறுநாளே கல்தச்சரை வரவழைத்து அறைச் சுவரின் பூச்சை உதிர்க்கச் சொன்னாள். தாங்குகற்கள் வெளியே இரண்டடிதான். சுவருக்குள்ளோ மூன்றடி ஓடியிருந்தன. மேலே மொத்தச் சுவரும் அவற்றை அழுத்திப் பிடித்திருந்தது. அளவைத் தாளில் குறித்துக்கொண்டு நகராட்சிப் பொறியாளரிடம் போனாள்.

அவர் தாளை இரண்டு தடவை பார்த்தார். "கணக்கு சரிதாம்மா. ஆனா நாற்பது மூட்டை மணல் ஏத்தி ஒரு நாள் வைக்கணும். தாங்கினா நோட்டீஸ் ரத்து."

"நாளைக்கே வாங்க."

தெருவைக் கயிறு கட்டி மறித்தார்கள். கல் ஒரு மயிரிழை தாழ்ந்தாலும் காட்டும் முள் கருவியைப் பொறியாளர் அடியில் பொருத்தினார். கூலியாட்கள் மூட்டைகளை மாடத்தின் வாசல்வரை கொண்டுவந்துவிட்டு உள்ளே காலெடுத்து வைக்கத் தயங்கினார்கள். அவள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து அடுக்கினாள்.

முப்பதாவது மூட்டைக்குப் படாரென்று ஒரு சத்தம். கீழே ஏதோ விழுந்து நொறுங்கியது.

"அண்ணி, போதும், வெளிய வந்துடுங்க!" கொழுந்தன் குரல் உடைந்தது.

அவள் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். பொறியாளர் குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"விழுந்தது பழைய பூச்சு. கல் அசையல. ஏத்துங்க."

மிச்சம் பத்தையும் ஏற்றினாள்.

மறுநாள் மூட்டைகளை இறக்கியதும் முள் பழைய இடத்திலேயே இருந்தது. பொறியாளர் அங்கேயே ரத்து உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு மாடிக்கு ஏறிவந்து, மாடத்தின் நுனியில் நின்று தெருவை எட்டிப் பார்த்தார். கீழே கூட்டம் கைதட்டியது. எதிர்வீட்டுக்காரர் தன் நோட்டீஸை உயர்த்திக் காட்டி, "எங்க மாடத்தையும் பாத்துச் சொல்லும்மா," என்றார்.

கொழுந்தன் ஒரு மூட்டையை அவிழ்க்கப் போனான்.

"கொட்டிடாதீங்க தம்பி," என்றாள் அவள். "எதிர்வீட்டுக்குத் தூக்குங்க."

அவன் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.